குளத்துக்கு ஒரு பாய்

பனங்குளம் வற்றிக்கொண்டிருந்தது. கரைப்பனையில் வாழ்ந்த தூக்கணாங்குருவிக்கு ஒரு யோசனை தோன்றியது. கோரைப்புல்லில் பெரிய பாயாகப் பின்னிக் குளத்தையே மூடிவிட்டால் தண்ணீர் வெயிலுக்குத் தப்பிவிடும். பின்னுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

குருவி கூட்டம் கூட்டி விளக்கியது. வெயிலின் சூடு, புல்லின் தடிமன் என்று அடுக்கியதும் கொக்கு தூங்கியே விட்டது.

உடனே குருவி பேச்சை மாற்றியது. "ஆதி ஆமையை மறந்துவிட்டீர்களா? பஞ்சத்தில் தன் முதுகாலேயே குளத்தை மூடி, மழை வரும்வரை தண்ணீரைக் காத்தாளே! நான் பின்னப்போவது அவள் முதுகைத்தான்!"

எல்லோருக்கும் கண் கலங்கியது. "நம் முன்னோர் செய்ததுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றன தவளைகள்.

மூன்று நாளில் ஒரு மூலை தவிரக் குளம் முழுக்க மூடியாயிற்று. அந்த மூலையில் விரால் மீன் தலை தூக்கியது. அதைச் சுற்றி அதன் சிவப்புக் குஞ்சுகள் முண்டியடித்துக் காற்றை விழுங்கின.

"குருவியாரே, அந்தக் கதையை யாரிடம் கேட்டீர்?"

"நம் ஆமையிடம்தான். கோடையில் சேற்றுக்குள் தூங்கப் போகுமுன் வருஷா வருஷம் சொல்லுமே. மழை வந்தது என்பதோடு முடிந்துவிடும்."

"அதோடு முடிவதில்லை. மழை என்றதும் தவளைகள் குஷியில் கத்தத் தொடங்கிவிடும். பனையில் இருக்கும் உமக்கு மிச்சம் கேட்காது. தண்ணீருக்குள் எங்களுக்குக் கேட்கும்."

"மிச்சம் என்ன?"

"மழை வந்ததும் ஆமை நகர்ந்து பார்த்தாள். அடியில் விரால்கள் எல்லாம் செத்து மிதந்தன. மேலே வந்து காற்று வாங்காவிட்டால் எங்களுக்கு உயிரில்லை, ஐயா. இனி முழுக்க மூடாதீர்கள் என்று அவள் அழுத கதை அது."

குருவிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அது வீம்பு பிடிக்கிற ஜாதி இல்லை. "பாய் நல்ல பாய்தான். வழி விடாததுதான் என் தப்பு" என்று அங்கங்கே பிரித்தது. ஒவ்வோர் இடத்திலும், "இவ்வளவு போதுமா?" என்று விராலைக் கேட்டுக் கேட்டுப் பிரித்தது.

மழை வரும்வரை தண்ணீர் நின்றது. ஒரு குஞ்சும் சாகவில்லை. அடுத்த முறை ஆமை கதை சொன்னபோது, குருவி பனையிலிருந்து இறங்கி அதன் வாயருகே உட்கார்ந்து கடைசிவரை கேட்டது.

தன் கருவிக்குக் கதையைத் துணைக்கு அழைப்பவர், அந்தக் கதையை முழுதாகக் கேட்டிருக்க வேண்டும்; கருவிக்கு அடியில் வாழ்பவரையும் கேட்டிருக்க வேண்டும்.