ஏழாவது மேஜையின் அரம்

ஞானம் தேடிச் சிலர் மலையேறுவார்கள். நாச்சிமுத்து கம்பெனி கேன்டீனுக்குப் போனார்.

அங்கே இன்பவல்லி மோர் குடித்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலைகளுக்கு வந்து வேலைமுறையைச் சீர்செய்யக் கற்றுத்தருபவள். வயது முப்பத்து மூன்று. நாச்சிமுத்து அந்தக் கோயமுத்தூர் பம்ப் கம்பெனியின் லைன் மேனேஜர். வயது ஐம்பத்து நான்கு. தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது குருவின் பிறந்த வருடத்தையா பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"எங்க ஆளுக வாயே திறக்க மாட்டேங்கறாங்க மேடம்."

"என்ன சொல்லணும் அவங்க?"

"தப்பு வந்தா சொல்லணுங்க. அதுக்குத்தான் லைன் நெடுக ஒரு செவப்புக் கயிறு கட்டினேன். இழுத்தா லைன் நிக்கும். பூசை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சுத்தான் கட்டினேன். மூணு மாசமாச்சு. ஒருத்தரும் தொடலீங்க."

"தப்பே வரலையோ என்னவோ."

"வெளிய போன பம்ப் ஒழுகுதுங்களே! இன்னும் ஒண்ணு ஒழுகினா ஆர்டரே வேண்டாம்னுட்டாங்க. ஆர்டர் போனா என் லைன மூடிருவாங்க. முப்பத்திரண்டு பேருங்க."

அந்த முப்பத்திரண்டு பேரையும் வேலைக்கு எடுத்தவர் அவர்தான்.

இன்பவல்லி டம்ளரைக் கழுவி வைத்தாள்.

"நாளைக்குக் காலைல ஏழாவது மேஜைல நீங்க வேலை செய்யுங்க. உங்க வேலைய நான் பாத்துக்கறேன்."

"அப்பறம்?"

"அவ்வளவுதான்."

இதுவும் ஒரு பதிலா என்று நாச்சிமுத்துவுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் மறுநாள் போய் உட்கார்ந்தார்.

அந்த மேஜையில் தினமும் வேலை செய்யும் மரகதம் பக்கத்தில் நின்று சொல்லித்தந்தாள். மூடியின் பள்ளத்தில் ரப்பர் வளையத்தை வைத்து, பம்பின் மேல் பொருத்தித் திருக வேண்டும். அரைமணி நேரத்தில் நாச்சிமுத்துவுக்குக் கை பழகிவிட்டது.

பிறகு ஒரு மூடி பள்ளத்தின் ஓரத்தில் பிசிறோடு வந்தது. வளையம் உட்காரவில்லை. அதற்குள் அடுத்த பம்ப் வந்து நின்றது.

"இதை என்னம்மா பண்றது?"

மரகதம் டிராயரைத் திறந்து ஒரு சின்ன அரத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"ரெண்டு தேய் தேயுங்க சார். போயிரும்."

தேய்த்தார். போய்விட்டது. அவருக்கு ஒரே சந்தோஷம். மதியத்துக்குள் பத்தொன்பது மூடிகளைத் தேய்த்துவிட்டார். லைன் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பின்னாலிருந்து யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது.

நாச்சிமுத்துவின் கை தானாகவே அரத்தை டிராயருக்குள் போட்டு மூடியது.

மரகதத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வந்தவள் இன்பவல்லி.

"என்ன சார் உள்ள வெச்சீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இத்தனை வருடமாக அவர் மற்றவர்களிடம் கேட்டுவந்த பதில் அது.

"தினமும் இந்த நேரத்துக்கு இந்தப் பக்கம் யார் வருவாங்க மரகதம்?"

மரகதம் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நான்தான் வருவேன்," என்றார் நாச்சிமுத்து.

"வந்து என்ன கேப்பீங்க?"

"லைன் நிக்காம ஓடுதான்னு கேப்பேன்."

கடைசியாகத் தேய்த்த மூடியை எடுத்து அதன் பள்ளத்தில் நகத்தை ஓட்டினார். அரம் பட்ட இடத்தில் நகம் தடுக்கியது. இங்கே சோதித்தால் ஒழுகாது. இரண்டு மாதம் கழித்து யாருடைய தோட்டத்திலோ ஒழுகும்.

"எத்தனை நாளா நீ இப்படித் தேய்க்கறேம்மா?"

"நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தியே அரம் இங்க இருந்துச்சுங்க சார்."

நாச்சிமுத்து எழுந்து கயிற்றை இழுத்தார்.

லைன் நின்றது. திட்டு யாருக்கு விழப்போகிறது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அரத்தையும் மூடியையும் தூக்கிக் காட்டினார்.

"பத்தொன்பது மூடி. நானேதான் தேய்ச்சேன்."

பதினோராவது மேஜையில் ஒரு டிராயர் திறந்தது.

"சார், அப்படியே இங்கயும் ஒருக்கா வந்துட்டுப் போறீங்களா?"