முதலாளியின் மகன்

பிறவிப்பெருமாள் வெள்ளிக்கிழமைகளில்தான் குருவைப் பார்க்க ஆற்றங்கரைக்கு வருவார். அன்று செவ்வாய்க்கிழமை. தன் பாத்திரக்கடையைத் திறந்த கையோடு ஆட்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

குரு குடில் வாசலில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது. இதுநாள்வரை பிறவிப்பெருமாள் கேட்டதெல்லாம் மறுபிறவி பற்றியும் வினை பற்றியும்தான். அந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் மறுநாள் கடை திறக்கலாம்.

"பையன் போயிட்டான் சாமி."

"எங்கே?"

"எதிர்த்த பாத்திரக்கடைக்கு. சம்பளத்துக்கு."

குரு நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டார்.

"எங்க தாத்தா தலைச்சுமையா வித்து ஆரம்பிச்ச கடை சாமி. வீடு அது கட்டினது. ரெண்டு தங்கச்சிங்களைக் கரையேத்தினது. எங்க பாத்திரம் போகாத கல்யாணம் இந்த ஊர்ல கிடையாது. அத்தனையும் அவனுக்குத்தான். வேண்டாம்னுட்டு, எதிர்த்தவன் கடையில குடம் தூக்கிக் காட்டிட்டிருக்கான். நான் கல்லாவுல உட்கார்ந்து அதைப் பார்க்கணும்."

"ஏன் போனானாம்?"

"கேட்டேன். 'அங்கே கடை சாத்தினா வேலை முடிஞ்சிரும், முதலாளி'ன்னான்."

"முதலாளியா?"

"கடையில எல்லாருக்கும் நான் முதலாளிதான் சாமி. மகன்னு சலுகை காட்டினா மத்த ஆளுங்க மதிப்பாங்களா? எங்க அப்பாவை நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், கொள்ளி வைக்கிற வரைக்கும். பழகிட்டா வீட்டிலேயும் அதுதான் வாயில வருது."

குரு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனியா ரூம் பார்த்துட்டான். இன்னைக்குச் சாயங்காலம் துணிமணி எடுக்க வரான். அவனே போயிட்டா நான் யாருக்காகக் கடையைத் திறக்கறது? அவன் நிக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுங்க சாமி."

குரு எழுந்து கொடியருகே போனார். ஒரு துண்டும் ஒரு வேட்டியும் ஒரு போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன.

"நான்தான் உன் மகன். துணி எடுக்க வந்திருக்கேன். பேசு. கடையைப் பத்தி மட்டும் வேண்டாம். அதை விட்டுட்டுத்தான் போறேன்."

பிறவிப்பெருமாளுக்குக் கூச்சமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட்டியா கதிரேசா?"

"ஆச்சு."

"அங்கே மதியச் சாப்பாட்டுக்கு நேரத்துக்கு விடறாங்களா?"

குரு துண்டை எடுத்து மடித்தார்.

"சரி, அதை விடு. நாளையிலேருந்து நீ கல்லாவுல உட்காரு. சாவியை நீயே வச்சுக்கோ."

குரு வேட்டியை உருவினார்.

பிறவிப்பெருமாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்னை மாதிரி யாருக்குடா வரும்? பித்தளைக் குடத்தை விரலால சுண்டினாலே விரிசல் இருக்கா இல்லையான்னு..."

அவரே நிறுத்திக்கொண்டார். போர்வையின்மேல் கை வைத்த குருவும் அதை உருவாமல் நின்றார்.

மகனுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று பிறவிப்பெருமாள் யோசித்தார். அவனுடைய சிநேகிதர்கள் யார் என்று யோசித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தது. முகம் தெளிந்தது.

"ஞாபகம் இருக்கா கதிரேசா? உனக்கு நாலு வயசு. கண்ணாமூச்சி ஆடறேன்னு பெரிய அண்டாவுக்குள்ள இறங்கிட்டே. ஏறி வரத் தெரியலே. 'அப்பா, அப்பா'ன்னு உள்ளேருந்து ஒரே கத்தல். பாத்திரமெல்லாம் சேர்ந்து கத்தற மாதிரி இருந்தது. கடை கொள்ளாத கல்யாணக் கூட்டம். நான் குனிஞ்சு பார்த்து, 'முதலாளின்னு கூப்பிடு, தூக்கி விடறேன்'னேன். மூக்கு ஒழுக ஒழுகக் கூப்பிட்டே பாரு! கடையே சிரிச்சுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. பிறவிப்பெருமாளின் சிரிப்பு கொஞ்ச தூரம் தனியாகப் போய் நின்றது.

"அதுக்கப்புறம் அவன் என்னை அப்பான்னு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

குரு போர்வையை இழுத்து விரித்தார். துண்டையும் வேட்டியையும் நடுவில் வைத்து மூட்டையாகக் கட்டினார். கொடி வெறுமையாக ஆடியது.

மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிறவிப்பெருமாளுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நேரமாச்சு," என்றார். "நான் கிளம்பறேன், முதலாளி."