அண்ணாச்சி பேச்சும் முப்பிடாதி ஸ்கூட்டரும்

சங்கரலிங்கம் அண்ணாச்சி மைக்கைப் பிடித்தால் லேசில் விடமாட்டார். கடையநல்லூரில் மூன்று பைக் ஷோரூமுக்கு முதலாளி, வியாபாரிகள் சங்கத் தலைவர் வேறு. அன்றைக்குப் பொருட்காட்சி மேடையில் பேசும்போது அவர் கண்ணில் பட்டவள் சைக்கிள் கடை முப்பிடாதி. பழைய இரும்பையும் பேட்டரியையும் சேர்த்துத் தானே செய்த மின்சார ஸ்கூட்டரோடு கீழே நின்றிருந்தாள்.

"இந்தத் தகர டப்பாவை எவன் வாங்குவான்? நான் பேசி முடிக்கதுக்குள்ள ஒண்ணு வித்துக் காட்டு, என் ஷோரூம்ல பாதி இடம் உனக்கு!" என்றார் மைக்கில்.

"சரிங்க அண்ணாச்சி."

"கரண்டு போச்சுன்னா உன் வண்டி என்ன செய்யும்?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, கரண்டு போயே போய்விட்டது. ஜெனரேட்டர் தண்டச் செலவு என்று தடுத்தவரும் அவர்தான். இப்போது அண்ணாச்சி கத்துவது முன்வரிசைக்கே கேட்கவில்லை.

முப்பிடாதி மைக்செட் வயரை இழுத்துவந்து, ஸ்கூட்டரில் வைத்திருந்த பிளக் பாயிண்ட்டில் சொருகினாள். மைக்குக்கு உயிர் வந்தது.

"விட்ட இடத்துலேருந்து திட்டுங்க அண்ணாச்சி!"

கூட்டம் விசிலடித்தது. அவரும் விடவில்லை, அரைமணி நேரம் அந்த வண்டியைத் திட்டினார். திட்டு அத்தனையும் அந்த வண்டியிலிருந்தே கணீரென்று கிளம்பியது. மைக்செட் சூசை ஓடிவந்தான்.

"யக்கா, எனக்கு ஒரு வண்டி!"

பின்னாலேயே ஐஸ்காரர், பூக்காரி, டெய்லர் என்று வரிசை நீண்டது. அண்ணாச்சி பட்டென்று வாயை மூடினார்.

"நிறுத்தாதீங்க அண்ணாச்சி!" என்று கத்தினாள் முப்பிடாதி. "இன்னும் ஆள் வரிசையில நிக்காங்க. பாதி ஷோரூம் பத்தாது போலிருக்கு!"