அடுப்பு ஊதிய ஆய்தம்

அந்தக் காலத்தில் எழுத்துகள் ஏட்டில் குடியிருக்கவில்லை. நம்மைப் போலத் தெருவில்தான் குடியிருந்தன. சமைத்தன, சண்டை போட்டன, பொழுது சாய்வதற்குள் சமாதானமும் ஆயின. ஆற்றுக்கு இந்தக் கரையில் உயிர்த் தெரு, அந்தக் கரையில் மெய்த் தெரு. நடுவே இருந்த மணல்திட்டில் ஒரே ஒரு குடிசை. அதன் வாசலில் மூன்று கல் வைத்த அடுப்பு. அங்கே தனியாக இருந்தவள் ஆய்தம்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. ஏதாவது ஒரு தெருவில் தனக்கும் இடம் வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு உயிர்த் தெருவுக்குப் போனாள். அங்கே ஆ வைத்ததுதான் சட்டம். ஆவுக்கு வாய் பெரிசு, மனசும் பெரிசுதான்.

"வாம்மா. இங்க குடிவரணும்னா ஒண்ணே ஒண்ணு. யார் துணையும் இல்லாம நின்னு குரல் குடுக்கணும். எங்க, குடு பார்ப்போம்."

ஆய்தம் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அடுப்பு ஊதுகிற மாதிரி வெறும் காற்றுதான் வந்தது.

"பாவம் இந்த அக்கா" என்றாள் பக்கத்தில் நின்ற குட்டி எ.

"நான் என்ன செய்யட்டும்? கோவிச்சுக்காதம்மா" என்று ஆ அவள் கன்னத்தைத் தடவி அனுப்பிவிட்டாள்.

அடுத்து மெய்த் தெரு. அந்தத் தெருக்காரர்கள் தனியாக நின்றால் ஊமைகள்தான். ஓர் உயிரைத் தோளில் ஏற்றிக்கொண்டால்தான் வாய் திறக்கும். ஆனால் சுமப்பதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தெருமுனையில் க் நின்றிருந்தார். முரட்டு ஆள். உ என்ற சின்னப் பையன் அவர் தோளில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இவனைத் தூக்கிட்டு நாலடி நட தாயி. நடந்துட்டா நீ எங்க ஆளு" என்றார். உ இறங்கியதும் அவர் பேச்சு நின்றுபோயிற்று. கையை அசைத்து, நட, நட என்று காட்டினார்.

ஆய்தம் பையனைத் தூக்கிக்கொண்டு அடி எடுத்து வைத்தாள். முழங்கால் மடங்கிவிட்டது. பையன் ஓடிப்போய்ப் பழைய தோளிலேயே ஏறிக்கொண்டான்.

"உனக்குத் தாங்காது தாயி. போயிட்டு வா" என்றார் க். அவருக்கும் சங்கடம்தான்.

அவள் திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை.

அப்போதெல்லாம் மனிதர்கள் புதிதாக ஒன்று செய்தால் எழுத்துகளிடம் வந்துதான் பெயர் வாங்க வேண்டும். கொல்லர்களுக்கு ஒரு கட்டும் உண்டு. சூடு ஆறுவதற்குள் பெயர் வைத்துவிட வேண்டும். ஆறிவிட்டால் பெயர் ஒட்டாது. பெயர் ஒட்டாத பொருளை மறுபடி செய்ய யாருக்கும் கை வராது. மறுநாள் செங்கான் என்ற கொல்லன் ஒரு புது இரும்பைக் குறட்டில் பிடித்துக்கொண்டு மணல்திட்டுக்கு ஓடி வந்தான்.

"வளையாது, ஒடியாது. என் தலை நரைச்சதே இதுக்காகத்தான். சீக்கிரம் ஒரு பேர் வையுங்க" என்றான்.

இந்தக் கரையிலிருந்து எ வந்தாள். அந்தக் கரையிலிருந்து உவைத் தோளில் வைத்துக்கொண்டு க் வந்தார். இருவரும் சேர்ந்து சொல்லிப் பார்த்தார்கள். எ குட்டி, அவள் மூச்சு சட்டென்று முடிந்துவிட்டது. க் தடாலென்று வந்து விழுந்தார். நடுவில் பெயர் ஒடிந்துபோயிற்று. திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஆற்றுக்காற்றில் இரும்பின் சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. செங்கான் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஆய்தம் குடிசைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். 'இல்லை' என்று அனுப்பியவர்கள்தானே, எப்படியோ போகட்டும் என்று இருந்திருக்கலாம். அவளால் முடியவில்லை. வெளியே வந்து, இரும்பை அடுப்பில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். விறகு இல்லை. குடிசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கூரையைப் பிரித்தாள், மூங்கிலை உருவினாள், எல்லாவற்றையும் அடுப்பில் திணித்தாள். ஒரு கையால் குட்டிப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள், மறு கையால் முரட்டு ஆளைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து ஊதினாள்.

எ தொடங்கினாள். அவள் மூச்சு முடிகிற இடத்தில் ஆய்தத்தின் காற்று வந்து தாங்கிக்கொண்டது. அந்தக் காற்றின் மேல் கு வந்து மெல்ல இறங்கியது.

எஃகு.

இரும்பு கணீரென்றது. ஆய்தம் தன் குரலைத் தானே கேட்டது அப்போதுதான்.

செங்கான் கும்பிட்டுவிட்டுப் போனான். குடிசை இருந்த இடத்தில் சாம்பலும் மூன்று கல்லும்தான் மிச்சம்.

"அக்கா, வீடு போச்சே. இனி எங்க இருப்ப?" என்று கேட்டாள் எ. பிடித்த கையை அவள் விடவில்லை.

"எங்க இருப்பா? நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுலதான்" என்றார் க். பிறகு கேட்டார்: "சாப்பிட்டியா தாயி?"

அன்று முதல்தான் ஆய்தம் எந்தச் சொல்லிலும் தனியாக நிற்பதில்லை. முன்னால் ஒரு குட்டி உயிர், பின்னால் உயிரைச் சுமந்த ஒரு முரட்டு மெய், நடுவில் கைகோத்து அவள். அவளுக்கு இன்றைக்கும் வீடு கிடையாது. ஏட்டைத் திறந்து பாருங்கள், அந்த மூன்று அடுப்புக்கல் மட்டும்தான் இருக்கும்.