தோற்ற நாட்டுக்கு முதல் ஆள்

முன்னொரு காலத்தில் மஞ்சனாற்றின் கீழ்க்கரையில் முல்லைவயல் என்றொரு நாட்டை அதிரூபவர்மன் ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், குளித்துவிட்டு வந்து வேறொன்று சொல்வான். அப்படிப்பட்ட ராஜா.

ஆற்றின் மேல்புறம் குன்றநாடு. நடவுக்குத் தண்ணீர் யாருக்கு முதலில் என்று வெட்டிக்கொண்டு செத்தது போதும் என்று இரு நாட்டுப் பெரியவர்களும் எப்போதோ ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு கூடைப்பந்து ஆட்டம். உயரக் கம்பத்தில் பனையோலைக் கூடை, பக்கத்துக்கு ஐந்து பேர். ஜெயித்த நாட்டுக்கு முதல் தண்ணீர். தோற்ற நாடு ஒரேயடியாக நொடித்துவிடக் கூடாதே என்று, அடுத்த ஆட்டத்துக்கு இரு நாடும் பொதுவில் புது ஆள் எடுக்கும்போது முதல் உரிமை அதற்கு; மீதி ஆட்களில் ஒருவனை மற்ற நாடு எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்டுத் தூதர் சாட்சியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ராஜ முத்திரை விழுந்துவிட்டால் மாற்ற முடியாது.

முல்லைவயல் மூன்று வருஷம் முதல் ஆளை எடுத்தது. மூன்று வருஷமும் தோற்றது. எடுத்துக் கொடுத்தவர் சேனாதிபதி மார்த்தாண்டர்.

அன்று அமைச்சர் வேலம்மை கடைமடை வயல்களைப் பார்த்துவிட்டு நேரே சபைக்கு வந்தாள். அங்கே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாற்றங்காலில் பயிர் மஞ்சளாகிவிட்டது. இன்னொரு வருஷம் தண்ணீர் பிந்தினால் ஊரைக் காலி செய்வதென்று நாற்பது குடும்பங்கள் மூட்டை கட்டி வைத்திருந்தன. இங்கே சபையில் ஒருவனைக் கயிறு வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

"நாலரை முழம்!" என்று கூவினார் மார்த்தாண்டர். "உத்தண்டன்! கையைப் பாருங்கள் மகாராஜா, முறம் மாதிரி! எம்பவே வேண்டாம், நின்றபடியே கூடையில் போடுவான்!"

"ஆகா!" என்றான் ராஜா.

"ஜாதகத்தில் குரு உச்சம்" என்றார் ஜோசியர்.

"ஆகா, ஆகா!"

வேலம்மைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன வருஷம் எடுத்தவனும் உயரம்தான். கம்பத்தில் மண்டையை இடித்துக்கொண்டு விழுந்தான். அதற்கு முந்தைய வருஷத்து ஆளுக்குக் குனியத் தெரியாது. மூன்று பனைமரம் நட்டாயிற்று சேனாதிபதி, இது நாலாவதா?"

"அடுப்படி யோசனைக்கு இது இடமில்லை, அம்மணி. பந்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒன்றும் தெரியாது. தெரிந்த உங்களால்தான் நாடு காய்கிறது."

"அதுவும் சரிதான்" என்றான் ராஜா. "வேறு யார் இருக்கிறார்கள்?"

சடையன் என்று ஒருவன் முன்னால் வந்தான். குட்டையான ஆள். செங்கல் சூளையில் வரிசையாக நின்று கல்லைக் கை மாற்றி வீசுகிற வேலை. பக்கத்து ஆள் எங்கே நிற்கிறான் என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். கல் அவன் கையில் போய் உட்காரும். பந்தையும் அப்படித்தான் வீசிக் காட்டினான். சபை சிரித்தது.

வேலம்மை சிரிக்கவில்லை. அவள் பார்த்தது குன்றநாட்டுத் தூதர் கீர்த்திசேனரை. உத்தண்டனை அளந்தபோது கொட்டாவி விட்டவர், சடையன் வீசியபோது வாய்க்குக் கொண்டுபோன வெற்றிலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"மகாராஜா, என் கோபத்தை மன்னியுங்கள்" என்றாள் அவள். "சேனாதிபதி சொல்வதே சரி. உத்தண்டனே இருக்கட்டும்."

மார்த்தாண்டர் மீசையை முறுக்கினார். தூதர் துள்ளி எழுந்தார். "அற்புதமான தேர்வு! எங்கள் அரசர் கேட்டாலே நடுங்கிப்போவார். சீக்கிரம் முத்திரை வையுங்கள் மகாராஜா, நல்ல நேரம் போய்விடும்!"

ராஜா முத்திரையைத் தூக்கினான்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்றாள் வேலம்மை. "யோசித்தால் சடையனே தேவலை என்று படுகிறது."

"அது எப்படி?" என்று கத்தினார் தூதர். "சூளையில் கல் வீசுகிறவன் ராஜாக்கள் ஆடவிடும் பந்தைத் தொடுவதா? எங்களுக்கே அவமானம்! ஒப்புக்கொள்ள மாட்டோம்!"

"உங்களுக்கு எதற்கையா இவ்வளவு ஆத்திரம்?" என்றாள் வேலம்மை. "குட்டையன், ஒன்றுக்கும் ஆகாதவன். தோற்கப்போவது நாங்கள்தானே? சரி, அவமானத்துக்கு ஈடாக உத்தண்டனை உங்களுக்கே விட்டுக்கொடுக்கிறோம். ராஜாவையே நடுங்க வைக்கிற வீரன். அழைத்துக்கொண்டு போங்கள்."

"ஐயையோ, எங்களுக்கு வேண்டாம்!"

சொன்ன பிறகுதான் தூதருக்கு உறைத்தது. சபை கொல்லென்று சிரித்தது. ராஜா தூதரைப் பார்த்தான், மார்த்தாண்டரைப் பார்த்தான். சிரிக்காமல் சடையன் பெயர் எழுதிய ஓலையில் முத்திரையைக் குத்தினான்.

"எதிரிக்குத் தெரிந்தது உமக்குத் தெரியவில்லை, சேனாதிபதி. நாளை முதல் செங்கல் சூளையில் வரிசையில் நில்லும். ஒரு கல்லாவது கீழே விடாமல் பிடிக்கிற அன்று அரண்மனைக்கு வரலாம்."

ஆட்டத்தன்று சடையன் ஒரு தடவைகூடக் கூடையில் போடவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமலே வீசிக் கொடுக்க, மற்ற நான்கு பேரும் போட்டார்கள். பந்து எங்கிருந்து வருகிறது என்று குன்றநாட்டார் தேடி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. அன்றே மதகு திறந்தது.

"அமைச்சரே, என்ன வேண்டும்? முத்துமாலையா, ஊரா? கேளும்!" என்றான் ராஜா குதூகலமாக.

"கடைமடைக்கு நடந்து வாருங்கள், பல்லக்கு வேண்டாம். மூன்று வருஷம் தண்ணீரில்லாமல் தவித்தவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள்."

"நானா? என்னவென்று கேட்பது?"

"கயிறு வைத்து அளந்து ஆள் எடுத்தேன் என்று சொல்லுங்கள்."

ராஜா கடைமடைக்கு நடந்தான். பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் சேற்றில் இறங்கி நின்று, சொன்னபடியே சொன்னான்.

அங்கே நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண் நிமிரக்கூட இல்லை.

"சரி ராசா, தள்ளி நில்லுங்க. நாத்து மிதிபடுது."