காத்து நின்ற குதிரை

காட்டுக் குளம் வற்றிப்போனது. அதில் இருந்த தவளையும் ஆமையும் மலைக்கு அப்பால் ஓடும் ஆற்றுக்குப் போயாக வேண்டும். ஆமை எப்படியும் தாக்குப்பிடிக்கும். தவளை பாவம், தோல் காய்ந்தால் உயிரே போய்விடும்.

இரண்டையும் கழுதை முதுகில் ஏற்றிக்கொண்டது. வழி தெரிந்தது குதிரைக்கு மட்டும்தான். "நான் முன்னால போறேன். பாதை பிரியற இடத்துல எல்லாம் உங்களுக்காக நிப்பேன்!" என்றது. பாரத்தில் பங்கு மட்டும் கேட்கவில்லை, மகராசன்!

சொன்னபடியே நின்றது. அதில் குறை சொல்ல முடியாது. மர நிழலில் நின்று ஆற அமரப் புல் மேயும். வியர்த்து விறுவிறுத்துக் கழுதை வந்து சேர்ந்ததும், "வந்துட்டியா? சரி, கிளம்பலாம்!" என்று பாய்ந்துவிடும். மூச்சு வாங்கக்கூட நேரமில்லாமல் கழுதை பின்னாலேயே ஓடும். அடுத்த பிரிவிலும் இதே கதைதான்.

உச்சி வெயிலில் கழுதையின் கால் மடங்கியது. ஒரு மரத்தடியில் அப்படியே படுத்துவிட்டது.

குதிரை திரும்பி வந்தது. "என்ன இது! நின்னு நின்னுதானே போறோம்?"

தவளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நின்னது நீ! கழுதை அக்கா எங்க நின்னா? அவ வந்து சேர்ற நேரந்தான் நீ கிளம்பற நேரம்!"

குதிரைக்குச் சுருக்கென்றது. "ஐயோ, எனக்கு இது தோணவே இல்லையே! தவளையே, உன் தோல் வேற வெளுத்துப்போச்சு. என் முதுகுல ஏறு, ஒரே ஓட்டத்துல ஆத்துல விட்டுடறேன்!"

"என்னைச் சுமந்து விழுந்தவள நடுக்காட்டுல விட்டுட்டா? நான் வரமாட்டேன்!"

குதிரை கழுதையின் பக்கத்தில் படுத்து, ஆமையைத் தன் முதுகுக்கு மாற்றிக்கொண்டது. கழுதை நன்றாக இளைப்பாறியது. வெயில் சாய்ந்ததும் எழுந்து, தவளையைச் சுமந்தபடி தன் போக்கில் நடந்தது. குதிரை வெயில் அடிக்கும் பக்கமாக அதை ஒட்டியே நடந்தது. குதிரையின் நிழல் தவளையின் மேல் விழுந்துகொண்டே வந்தது.

பொழுது சாயும்போது ஆறு வந்தது. தவளை தொப்பென்று குதித்து, தலையை நீட்டியது. "அண்ணே, உன் நிழல் இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல! நீ நல்லா இருக்கணும்!"

குதிரைக்குக் கண் கலங்கியது. "நன்றிய அக்காவுக்குச் சொல்லு. நான் ஓடியிருந்தா நிழலும் என்கூடவே ஓடியிருக்கும். அவ நடைக்கு நடந்ததாலதான் அது உன்மேல விழுந்துச்சு!"

"உங்க நன்றியெல்லாம் அப்புறம்! முதல்ல என்னைத் தண்ணி குடிக்க விடுங்க!" என்று சிரித்தது கழுதை.

முன்னால் ஓடிக் காத்து நிற்பது பெரிதல்ல. கூட வருபவரின் நடைக்கு நடப்பதே வழித்துணை.