போதும் என்றால் கேட்காத கரடி

மலையடிவாரக் காட்டில் ஒரு கரடி இருந்தது. விருந்து வைப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. யாராவது "போதும்" என்றால், பாவம், கூச்சப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு கை அள்ளி வைக்கும். அதன் குகைப் பக்கம் போன முயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பாத நாளில்லை.

ஒரு கோடைமழையில் ஓடை பெருகி வடிந்தது. குகை வாசலில் இருந்த பாறைக்குழியில் ஒரு கெண்டை மீனும் ஓர் அயிரை மீனும் தங்கிவிட்டன. பாறை இடுக்கில் நூல்போல் கசியும் ஊற்றுதான் அந்தக் குழிக்குத் தண்ணீர். கரடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டோடு விருந்தாளிகள், அதுவும் எழுந்து ஓட முடியாத விருந்தாளிகள்!

விடிந்தால் கறையான், வெயில் ஏறினால் அத்திப்பழம், பொழுது சாய்ந்தால் இலுப்பைப் பூ. முதலில் மீன்கள் ஆசையாகத்தான் தின்றன. பிறகு மரியாதைக்காகத் தின்றன. அப்புறம் தின்னவே முடியவில்லை. போதும் என்று கெண்டை சொல்லிப் பார்த்தது. கரடி சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கை போட்டது.

மிஞ்சியதெல்லாம் அடியில் படிந்து அழுகியது. தண்ணீர் கலங்கி நாறியது. மூச்சு முட்டிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பசியில வாயைப் பொளக்குதுங்களே, என் கண்ணுங்களா!" என்று பதறிய கரடி, ஒரு முழுத் தேனடையையே உள்ளே போட்டது.

அன்று சாயங்காலம் அயிரை ஒருக்களித்து மிதந்தது. கெண்டைக்குப் புரிந்துவிட்டது: இனியும் மரியாதை பார்த்தால் அயிரை பிழைக்காது.

"அக்கா, மனசுல வெச்சிருந்தேன், சொல்லிடுறேன்" என்றது கெண்டை. "நீங்க போடுற சாப்பாடு வாயில வெக்க முடியல."

பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வார்த்தையைக் கரடி கேட்டதில்லை.

"இனிமே உங்களுக்கு ஒரு பருக்கை போட்டா ஏன்னு கேளு" என்றது. அதோடு விடவில்லை. போட்டதையும் திருப்பி எடுத்துக்கொள்ளும் ரோஷத்தில், குழியின் அடிவரை வழித்து வெளியே எறிந்துவிட்டுக் குகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

சில நாள் அந்தப் பக்கமே வரவில்லை. ஊற்று கசிந்து கசிந்து தண்ணீர் தெளிந்தது. அயிரை மெல்ல நிமிர்ந்தது.

கரடிக்கு மனசு கேட்கவில்லை. பட்டினியில் செத்தே போயிருக்கும் என்று பயந்துகொண்டே எட்டிப் பார்த்தது. மீன்கள் இரண்டும் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. கரடிக்குக் கண் கலங்கிவிட்டது, கொஞ்சம் ரோஷமும் வந்தது.

"நான் ஒண்ணுமே போடலியே, எப்படி இப்படித் தேறினீங்க?"

"நீங்க கோவிச்சுக்கிட்டதுதான் அக்கா மருந்து" என்றது கெண்டை. "சாப்பாடு ருசிதான். நான் சொன்னது பொய். போதும்னு சொன்னா நீங்க காதுல வாங்கலியே."

அதன் பிறகு கரடி காலையில் ஒரு சிட்டிகை கறையான் மட்டும் போட்டது. இரண்டாவது சிட்டிகைக்குக் கை துறுதுறுக்கும். அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளும்.

அடுத்தவர் பசியறிந்து போடுவதுதான் அன்பு. நம் ஆசை தீரப் போட்டுக்கொண்டே இருந்தால் அது அவர்கள் உயிருக்கே வினையாகிவிடும்.